பாட்டு இருக்கிறது; கதவுதான் திறக்கவில்லை!

திருநெல்வேலிச் சீமையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு.

அந்த வீட்டு ஆச்சிக்கு நல்ல குரல். தாலாட்டு, கும்மிப் பாட்டு, நலுங்குப் பாட்டு எல்லாம் அத்துப்படி. தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் நலுங்குக்கு ஆச்சியைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஆச்சி பாடியதை அவருடைய மகன் ஒரு காசெட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். 60 நிமிட காசெட். இரண்டு பக்கமும் ஆச்சியின் குரல்தான். ஓர் இடத்தில் சேவல் கூவும். இன்னோர் இடத்தில் ஆச்சி இருமுவார். "தண்ணி கொண்டா" என்பார். பிறகு விட்ட இடத்தில் இருந்து பாட்டு தொடரும்.

ஆச்சி காலமாகிவிட்டார். காசெட்டின் நாடாவும் தேய்ந்துகொண்டே வந்தது. பேரன் யோசித்தான். டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு வயரால் இணைத்தான். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நல்ல காரியம்!

வேலை முடிந்ததும், "இனி இது எதற்கு?" என்று காசெட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அது நல்ல காரியம் அல்ல!

சில மாதங்கள் சென்றன. வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. "ஆச்சி பாட்டைப் போடுப்பா" என்றார்கள். பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாட்டுப் பதிவு செய்யும் சாப்ட்வேரை அழுத்தினான்.

திறக்கவில்லை.

மறுபடியும் அழுத்தினான். ஒரு சிறு வட்டம் சுற்றியது. நின்றுவிட்டது. பத்துத் தடவை அழுத்தினான். பத்துத் தடவையும் அதே கதைதான்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடையில் இருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்தார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றார். அதற்கு 'பார்மட்' என்று பெயர். பேரனும் சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் சாப்ட்வேர் 'டக்'கென்று திறந்தது.

உள்ளே ஆச்சி இல்லை!

சாவியும் பீரோவும்

இதில் யார்மீது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்காரர் தம் வேலையைத்தான் செய்தார். சாப்ட்வேர் திறக்க வேண்டும் என்றார்கள், திறந்து கொடுத்தார். "இதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்ட்வேர் வேறு, பாட்டு வேறு. இரண்டும் கம்ப்யூட்டருக்குள் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. சாப்ட்வேர் என்பது சாவி. பாட்டு, பீரோவுக்குள் இருக்கும் நகை. சாவி திரும்பவில்லை என்றால் நகை போய்விட்டது என்று அர்த்தமா? சாவி திரும்பவில்லையே என்று பீரோவை நகையோடு சேர்த்து யாராவது உலையில் போடுவார்களா?

ஆகவே பாட்டு சாப்ட்வேர் திறக்காத அன்று செய்யவேண்டிய முதல் வேலை, அதைத் திறப்பது அல்ல. நகையை எடுத்துப் பத்திரப்படுத்துவதுதான்.

எப்படி எடுப்பது? பலரும் உபயோகிக்கும் ஒரு சாப்ட்வேரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'ஆடாசிட்டி'. காசு கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-ம் ஆண்டு டொமினிக் மஸோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவரும் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்டார்கள். பாட்டு வாத்தியார் வீட்டிலும் பார்க்கலாம், பள்ளிக்கூடத்திலும் பார்க்கலாம்.

இதில் நீங்கள் பதிவு செய்து, பெயர் கொடுத்துச் சேமித்தால், அந்தப் பெயரில் ஒரு பைல் உண்டாகும். பெயரின் கடைசியில் 'ஏ.யு.பி.3' என்று ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆச்சியின் பாட்டு முழுவதும் அந்த ஒரே பைலுக்குள் இருக்கும். அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். சாப்ட்வேர் திறக்காவிட்டாலும் நகல் எடுக்கலாம்!

பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் 'வால்' என்று மூன்று ஆங்கில எழுத்துகளோடு இன்னொரு பைல் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். வேலை பாதியில் நின்றபோது மிச்சப்பட்ட பாட்டு அதில் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிட்டவர்கள் உண்டு.

பழைய ஆடாசிட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2021-ம் ஆண்டு மார்ச் மாதம்தான் 3.0 என்ற பதிப்பு வந்தது. அதற்கு முன்னால் பாட்டு ஒரே பைலில் இருக்காது. 'ஏ.யு.பி.' என்று முடியும் ஒரு சின்ன பைல் இருக்கும். பக்கத்தில் 'டேட்டா' என்று முடியும் ஒரு பை இருக்கும். பாட்டைத் துண்டு துண்டாக நறுக்கி அந்தப் பைக்குள்தான் போட்டிருக்கும். சின்ன பைல் வெறும் விலாசம்தான். விலாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பென் டிரைவில் எவ்வளவு இடம் வேண்டும்? ஆடாசிட்டி வழக்கமாகப் பதியும் முறையில், இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி என்றால், ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 20 எம்.பி. ஆகும். 60 நிமிட காசெட் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் ஜி.பி. சின்ன பென் டிரைவே போதும்.

எடுத்தாகிவிட்டதா? இனிமேல் சாப்ட்வேர் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன! நிதானமாகப் பார்க்கலாம். அந்தப் பென் டிரைவை, அதே பதிப்போ அதைவிடப் புதிய பதிப்போ உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் பாட்டு பாடும்.

திரை ஏன் எழவில்லை?

ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். சபையில் ஜனங்கள் நிறைந்துவிட்டார்கள். மணி ஆறு. திரை எழவில்லை. ஏன்? பாடகர் வராததாலா?

பாடகர் எப்போதோ வந்துவிட்டார். தம்பூரா சுருதி சேரவில்லை. மிருதங்கக்காரர் வழியில் நிற்கிறார். மைக் செட்டுக்காரர் வயரைத் தேடுகிறார். இவர்களில் ஒருவர் வரும் வரை திரை எழாது. வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றுமே தெரியாது. "கச்சேரி இல்லையாம்" என்று எழுந்து போய்விடுகிறோம்.

பாட்டு சாப்ட்வேரும் இப்படித்தான். கடிதம் எழுதும் சாப்ட்வேருக்கு யார் துணையும் வேண்டாம். பாட்டு சாப்ட்வேருக்கு ஒரு பரிவாரமே வேண்டும்! நீங்கள் அழுத்திய உடனே அது முதலில் தன் குறிப்பு நோட்டைப் படிக்கிறது. சென்ற தடவை எந்த மைக், எந்த ஒலிபெருக்கி, எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அந்த நோட்டில் எழுதியிருக்கும். பிறகு, மைக் எங்கே, ஹெட்போன் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. எதிரொலி சேர்ப்பது, இரைச்சல் நீக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் துணைச் சாமான்களையும் கூப்பிடுகிறது. இவற்றை 'பிளக்-இன்' என்கிறார்கள்.

இதில் யாராவது ஒருவர் பதில் சொல்லாவிட்டால் சாப்ட்வேர் காத்துக்கொண்டே நிற்கும். அல்லது மயங்கி விழுந்துவிடும். நமக்குத் தெரிவது, சுற்றும் வட்டம் ஒன்றுதான்.

வீணை டீச்சர் வீட்டில்

எங்கள் தெருவில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். வெளியூர் மாணவிகளுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, சாப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு நாலு பேருக்குப் பாடம் அனுப்ப வேண்டும். எல்லாம் போய்விட்டதா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முதலில் பென் டிரைவ் கொடுங்கள்" என்றேன். பாடங்களை எல்லாம் நகல் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை அவர் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்! பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

அவர் காலையில் இருந்து இருபது தடவை அழுத்தியிருக்கிறார். திரையில் ஒன்றும் தெரியவில்லையே தவிர, உள்ளே சாப்ட்வேர் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒன்று எழுந்து நிற்கும்போது ஆடாசிட்டி போன்ற சாப்ட்வேர்கள் இன்னொன்றை எழ விடுவதில்லை. வாசலில் ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் எப்படி நுழைவார்?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினேன். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் வந்தது. இந்த நிமிடத்தில் கம்ப்யூட்டருக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற வருகைப் பதிவேடு அது. சாப்ட்வேரின் பெயர் அதில் இருந்தது. அதைத் தொட்டு, 'எண்ட் டாஸ்க்' என்று கொடுத்தேன். பெயர் மறைந்தது. மறுபடி திறந்தோம். வட்டம் சுற்றியது, நின்றுவிட்டது.

"நேற்று ராத்திரி கம்ப்யூட்டரை நிறுத்தினீர்களா?" என்று கேட்டேன்.

"நிறுத்தினேனே. தினமும் நிறுத்துகிறேன்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-ம் ஆண்டு முதல், பல கம்ப்யூட்டர்களில் 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுசாக நிற்பதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காகத் தன் நிலைமையில் ஒரு பகுதியை எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. நேற்றைய கோளாறும் அதோடு சேர்ந்து எழுந்துவிடும்! 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழும். ஆகவே 'ரீஸ்டார்ட்' கொடுத்தோம். அப்போதும் திறக்கவில்லை.

"நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதாவது புதிதாக வந்ததா?" என்று கேட்டேன். பாதி வியாதிகள் இந்தக் கேள்வியில்தான் அகப்படுகின்றன. டீச்சர் இல்லை என்றார். உள்ளே இருந்து அவருடைய மகள் வந்தாள். "அம்மா, ராத்திரி என் ஹெட்போனை இதில் சேர்த்து பாட்டுக் கேட்டேன்" என்றாள்.

வயர் இல்லாத ஹெட்போன். 'புளூடூத்' வகை. அது மேசை மூலையில் அரை உயிரோடு கிடந்தது. பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதை "இருக்கிறது" என்று சொல்கிறது. சாப்ட்வேர் கூப்பிடுகிறது. பதில் இல்லை! திரை எழாமல் நின்றதன் ரகசியம் அதுதான்.

புளூடூத்தை நிறுத்தினேன். சாப்ட்வேரை அழுத்தினேன். திறந்தது.

ஆன நேரம், காபி குடித்தது உட்பட, அரை மணி.

இதேபோல யு.எஸ்.பி. மைக், கீபோர்டு வாத்தியம் முதலியவற்றாலும் நடக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் கம்ப்யூட்டராக வைத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது மறுபடி நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி.

நோட்டு கிழிந்தால்?

எல்லாவற்றையும் கழற்றியும் திறக்கவில்லை என்றால் குறிப்பு நோட்டைச் சந்தேகிக்க வேண்டும். சாப்ட்வேர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நோட்டு கெட்டுவிடலாம். கெட்ட நோட்டைப் படித்துச் சாப்ட்வேர் திக்குமுக்காடும்.

பலர் இந்த இடத்தில் சாப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார்கள். பல சமயம் பலன் இருப்பதில்லை. ஏன் தெரியுமா? சாப்ட்வேரை நீக்கினாலும் நோட்டு வேறிடத்தில் அப்படியே இருக்கும். புதிதாக வந்த சாப்ட்வேர், அதே கெட்ட நோட்டைத்தான் எடுத்துப் படிக்கும்!

ஆடாசிட்டியின் நோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம் அல்ல. விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஒரு சதவீதக் குறி, 'ஆப்டேட்டா' என்ற ஆங்கிலச் சொல், மறுபடி ஒரு சதவீதக் குறி. நடுவில் இடம் விடாமல் அடித்து 'என்டர்' கொடுங்கள். பல பைகள் தெரியும். 'ஆடாசிட்டி' என்ற பையைப் பாருங்கள். அதை அழிக்காதீர்கள்! பெயரை மட்டும் மாற்றுங்கள். 'பழசு' என்று வைத்தாலும் சரிதான். பிறகு சாப்ட்வேரைத் திறந்தால், அது தன் நோட்டைத் தேடும், காணாது, புது நோட்டுப் போட்டுக்கொள்ளும். பழையது வேண்டும் என்றால் பெயரைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.

சினிமாவுக்கு இசை அமைப்பவர்கள் உபயோகிக்கும் பெரிய சாப்ட்வேர்களில் இதற்கென்றே தனி வாசல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி தயாரிக்கும் 'கியூபேஸ்' எழுந்திருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால், "பழைய நோட்டு வேண்டாமா?" என்று அதுவே கேட்கும். பிளக்-இன் சாமான்களை அதிகமாக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வேண்டியிருக்கும். அந்த கம்பெனிதான் 1996-ம் ஆண்டு 'வி.எஸ்.டி.' என்ற பிளக்-இன் முறையைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் துணைச் சாமான் செய்து விற்கலாம் என்று வழி திறந்தது. வசதியும் வந்தது, வம்பும் வந்தது!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கரண்ட் போனபோது பெயர் வைக்காத பதிவு ஏதாவது இருந்தால், ஆடாசிட்டி மறுபடி திறந்ததும் ஒரு பெட்டியில் அதைக் காட்டும். அவசரப்பட்டு எதையாவது அழுத்திவிடக்கூடாது. 'ரெகவர்' என்று தொடங்கும் பொத்தான், பாட்டைத் திருப்பிக் கொடுக்கும். 'டிஸ்கார்ட்' என்று தொடங்குவது, அதை அழித்தே விடும். சந்தேகமாக இருந்தால் 'ஸ்கிப்' கொடுங்கள். அடுத்த தடவை மறுபடி கேட்கும்.

செல்லாக்காசான கதை

சில சமயம் எந்த வைத்தியமும் பலிக்காது. சாப்ட்வேரில் கோளாறே இருக்காது. காலம் மாறியிருக்கும்.

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆப்பிள் கம்பெனி தன் மாக் கம்ப்யூட்டர்களுக்கு 'கேட்டலினா' என்ற புது ஏற்பாட்டை வெளியிட்டது. அதில், '32 பிட்' என்ற பழைய முறையில் எழுதப்பட்ட சாப்ட்வேர் எதுவும் ஓடாது. '64 பிட்' முறையில் எழுதியவைதான் ஓடும். முதல் நாள் வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பழைய இசை சாப்ட்வேர்களும் பிளக்-இன்களும் மறுநாள் செல்லாக்காசாகிவிட்டன. கேட்டலினாவில் 'ஐ-டியூன்ஸ்' என்ற பழைய பாட்டுப் பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். அது எழுதி வைத்த பாட்டுப் பட்டியலை நம்பியிருந்த டி.ஜே.க்கள் திண்டாடினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில், நீக்கிவிட்டு மறுபடி போடுவது வீண் வேலை. புதிய பதிப்பு இருக்கிறதா என்று, தயாரித்தவர்களின் சொந்த இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். "இலவசம்" என்று விளம்பரம் செய்யும் கண்ட இடத்தில் எடுத்தால், பாட்டோடு வைரசும் சேர்ந்து வரும்.

கடைக்குப் போவதென்றால்...

எல்லாம் செய்தும் திறக்கவில்லை. கடைக்குத்தான் போக வேண்டும். தாராளமாகப் போங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போதே, "இதில் எங்கள் பாட்டு இருக்கிறது. எங்களைக் கேட்காமல் பார்மட் செய்யக்கூடாது" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டிவிட்டாலும் தப்பில்லை. கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாட்டைப் பதிவு செய்த அன்றே இன்னொரு வேலையும் செய்யலாம். 'ஏ.யு.பி.3' பைல் என்பது அரைத்த மாவு போல. ஆடாசிட்டி இருந்தால்தான் அதில் பண்டம் சுடலாம். அதே பாட்டை 'எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை கொடுத்து, 'எம்.பி.3' ஆகவோ 'வேவ்' ஆகவோ மாற்றி வைத்தால், சுட்ட இட்லி போல ஆகிவிடும். எந்தப் போனிலும் பாடும். எந்தக் கம்ப்யூட்டரிலும் பாடும். அதற்குப் பிறகு ஆடாசிட்டி திறக்கிறதா, இல்லையா என்ற கவலையே அந்தப் பாட்டுக்கு இல்லை.

திருநெல்வேலி வீட்டுப் பேரனும், ஒரே ஒரு பாட்டை அப்படி மாற்றியிருந்தான். பதிவு செய்த அன்று மாலை, "பாருங்கள் அத்தை, ஆச்சி குரல்!" என்று மதுரையில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அவனுக்கே அது மறந்துபோயிற்று.

கல்யாணத்துக்கு வந்த அத்தை, நலுங்கு நடக்கும்போது தம் போனை எடுத்தார். ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். இரண்டரை நிமிடப் பாட்டு. பாதியில் சேவல் கூவியது. "தண்ணி கொண்டா" என்றார் ஆச்சி. பந்தலில் இருந்த ஒரு சின்னப் பையன் எழுந்து, தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினான்.